ஊர் காண வருவோரும் நம் சங்கங்களும்

நகர வாழ்வின் ஆரவாரத்தில் சலிப்புற்றோர், அமைதியான சிற்றூர்களை நாடி வருவது பெருகி வருகின்றது. பழங்கோயிலைக் காணவும், ஊருக்குரிய உணவை உண்ணவும், கைத்தொழிலை நேரில் அறியவும் அவர்கள் விழைகின்றனர். இவ்வருகையினால் உழவரும் நெசவாளரும் அடையும் பயன் யாது? இவ்வினாவை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையை எடுத்துக்கொள்வோம். 1,320 படிகள் ஏறி முருகனைத் தரிசிக்க வருவோர் பலர். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று இதனைப் போற்றுவர். அடிவாரத் தெருக்களில் தறியோசை. ஊர்ப்புறத்தே மஞ்சளும் நெல்லும் தென்னையும். வீடுகளிலோ, தேங்காய்ப் பாலுடன் சந்தகை, கொள்ளுப் பருப்பு, கம்மஞ்சோறு. பார்க்கவும் உண்ணவும் இவ்வூரில் குறைவில்லை.

ஆயினும் வருவோரிற் பலர், மலையிலிருந்து இறங்கியதும் நெடுஞ்சாலை உணவகத்தில் பசியாறி, விசைத்தறிப் போர்வையைக் கைத்தறி என நம்பி வாங்கிச் செல்கின்றனர். சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளிலோ, விற்காத சரக்கு வரிசையாக நிற்பதை நமது ஆய்வுப் பணியில் காண்கின்றோம். குறிப்பிட்ட தரத்திலான படுக்கை விரிப்பு உள்ளிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. கைத்தறி முத்திரையும் 2006இல் வந்தது. எனினும், வாங்குவோருக்கு வேறுபாடு தெரியாவிடில் சட்டமும் முத்திரையும் பாதிப் பயனே தரும். பாவு பூட்டிய தறியில் நாடா ஓடி, ஊடை ஒவ்வொன்றாய் ஏறுவதை அரைமணி நேரம் கண்டவர், பின்னர் விலை குறித்து வாதாடார்.

ஆகவே இப்பணியைச் சங்கங்களே ஏற்றல் வேண்டும். நெசவாளர் சங்கம் தறி காட்டட்டும். உழவர் சங்கம் தன் அங்கத்தினர் விளைத்த பொருளைக் கொண்டு உணவளிக்கட்டும். கிடைக்கும் வருவாய் இரு சங்கங்களின் கணக்கிலும் முறையாக ஏறட்டும்.

“விருந்தோம்பலை விலைக்கு விற்பதா?” எனப் பெரியோர் சிலர் வினவலாம். தறி நின்றால் கூலியும் நின்றது என்பதை அவர்கள் மறத்தலாகாது. வருவோர்க்கு மோர் இலவசமாகட்டும். நெசவாளரின் நேரம் இலவசமாகலாகாது. பார்வையாளருக்காகச் செலவிடும் நேரத்திற்குரிய கூலியைச் சங்கம் கட்டணத்திலிருந்து அளித்தல் நியாயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறுப்பதும் அவசியம். அமைதியை நாடி வருவோரால் ஊரின் அமைதி குலைந்துவிடலாகாது.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் முதலோ வேண்டியதில்லை. தறிக்கூடமும் அடுப்பும் நம்மிடம் உள்ளன. நாம் வாளாவிருப்பின், இடைத்தரகர் இத்தொழிலையும் கைக்கொள்வர். நம் அங்கத்தினர் தம் ஊரிலேயே கூலிக்கு வேடிக்கைப் பொருளாவர். வரும் மகாசபைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர்ந்து விவாதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.