ஐபோன் செய்யும் கைகளுக்கு மெட்டி தடையா? பூந்தமல்லி ஹாஸ்டல் முதல் ‘சைபார்க்’ பெண் வரை

பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குபவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டிய இளம்பெண்கள். சொந்த ஊர் எங்கோ இருக்கும், இப்போதைக்கு முகவரி ஒரு ஹாஸ்டல். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆலைகளில் இவர்கள் கைபட்ட போன்தான் உலகம் முழுக்க விற்பனையாகிறது.

‘சைபார்க்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எந்திரக் கையோடு வரும் ஹாலிவுட் ஹீரோ. ஆனால் அந்தச் சொல்லைப் பெண்ணுரிமை விவாதத்துக்குள் கொண்டுவந்தவர் மனதில் இருந்தது வேறு ஆள். ஆசியாவில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணும் அந்தப் படத்தில் இருந்தார். அதாவது, நம்ம பூந்தமல்லி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகும் பெண்.

மெஷினோடு சேர்ந்தால் ஆண், பெண் என்ற பழைய கோடுகள் அழியுமா, இன்னும் அழுத்தமாகுமா? இந்தக் கேள்விக்குச் சென்னையின் மேற்குப் புறநகரிலேயே விடை தேடலாம்.

யார் சொன்னது ‘சைபார்க்’ என்று?

விண்வெளியில் மனித உடல் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அதோடு கருவிகளை இணைக்க வேண்டும் என்ற யோசனையில், 1960-ல் மான்ஃபிரெட் கிளைன்ஸ், நாதன் கிளைன் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய சொல் இது. 1985-ல் அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹாராவே ‘சைபார்க் அறிக்கை’ என்ற கட்டுரையில் அதை வேறு திசைக்குத் திருப்பினார்.

அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உடலும் கருவியும் ஏற்கெனவே கலந்துவிட்டன. ‘பெண் என்றால் இயற்கையாகவே இப்படித்தான்’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. இது விடுதலைக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் அதே தொழில்நுட்பம் ராணுவத்திடமும் பெரும் கம்பெனிகளிடமும் இருக்கிறது என்பதால் ஆபத்தும் கூடவே வரும்.

இந்த வாய்ப்பு, ஆபத்து இரண்டும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே கட்டடத்துக்குள் தெரிகின்றன.

லைனுக்குள் எல்லா உடலும் ஒன்றுதான்

எலெக்ட்ரானிக்ஸ் ஆலையின் அசெம்ப்ளி லைனுக்குள் போக ஆன்ட்டி-ஸ்டாட்டிக் கோட், தொப்பி, மாஸ்க், கையுறை என்று பலவும் அணிய வேண்டும். மனித உடலில் தேங்கும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கெடுத்துவிடக்கூடும். அதனால் மணிக்கட்டில் பட்டை கட்டி, வயர் வழியாக உடலையே ‘எர்த்’ செய்யும் வழக்கமும் உண்டு. அந்த நேரத்தில் தொழிலாளியின் உடல் நிஜமாகவே அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதி.

இதில் ஆண் உடல், பெண் உடல், கல்யாணமான உடல், ஆகாத உடல் என்ற வித்தியாசம் சிப்புக்குத் தெரியாது. கோட்டும் மாஸ்க்கும் போட்டு வரிசையில் நின்றால் யார் ஆண், யார் பெண் என்று சட்டென்று சொல்வதே கஷ்டம். ஹாராவே சொன்ன கோடு அழிதல் இங்கே நடக்கத்தான் செய்கிறது.

வெளியிலும் மாற்றம் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 66-வது பிரிவு, பெண்கள் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலையில் வேலை செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைப் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நீக்கியது. 2006-ல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. வீட்டை விட்டுத் தனியாக வெளியூர் போகாத பெண்கள் சம்பளம், ஏ.டி.எம். கார்டு, சொந்த போன் என்று வாழத் தொடங்கினார்கள். ‘பொண்ணு நைட் ஷிஃப்ட் போறா’ என்பது ஊரில் சாதாரணப் பேச்சானது.

ஆனால் கேட்டில்?

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையின் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் திட்டமிட்டு ஒதுக்குகிறது என்றது அந்தச் செய்தி. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. இன்னொரு காரணமும் இருந்தது: தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சலாம்.

நகை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் உலோகம் அணியக் கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கலாம். அப்படியானால் விதி ‘உலோகம் கூடாது’ என்று நிற்க வேண்டும். கழற்ற முடியும் என்பவர் கழற்றுவார், முடியாதவர் முடிவெடுப்பார். ‘கல்யாணமானவர் வேண்டாம்’ என்று அது மாறும்போது மெஷினின் தேவை முடிந்துபோகிறது, சமூகத்தின் வழக்கம் உள்ளே வருகிறது. ஆணுக்கும் கல்யாணம் ஆகிறது. அவர் காலில் மெட்டி இல்லை, அவ்வளவுதான்.

அதே செய்தியில் இன்னொரு தகவலும் இருந்தது. உற்பத்தி உச்சத்தில் இருந்து ஆள் பற்றாக்குறை வரும் மாதங்களில் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படுமாம். ஆர்டர் கூடினால் தகுதி பெறும் உடல், ஆர்டர் குறைந்தால் தகுதி இழக்கிறது என்றால், உலோகம்தான் பிரச்சினை என்ற வாதம் நிற்குமா?

கம்பெனி தரப்பு என்ன?

திருமண நிலை, பாலினம், மதம் எதன் அடிப்படையிலும் பாகுபாடு இல்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. 2022-ல் நியமனத்தில் குறைகள் இருந்ததை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் ஒப்புக்கொண்டு, சரிசெய்துவிட்டதாகக் கூறின. ராய்ட்டர்ஸ் ஆவணப்படுத்தியதோ 2023, 2024-ம் ஆண்டு நடைமுறைகளை. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25% பேர் திருமணமான பெண்கள் என்றும், உலோகத் தடை எல்லோருக்கும் பொது என்றும் கம்பெனி அரசுக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன.

2024 ஜூலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குப் போனபோது தரப்பட்ட கணக்கு இது: மொத்த ஊழியர்கள் 41,281. அதில் பெண்கள் 33,360. அவர்களில் திருமணமானவர்கள் சுமார் 2,750, அதாவது ஏறக்குறைய 8%.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. அதிகாரிகள், ஏற்கெனவே வேலையில் இருக்கும் திருமணமான பெண்களிடம் கேட்டு, பாகுபாடு இல்லை என்று அறிக்கை தந்தார்கள். கேட்டுக்கு உள்ளே இருப்பவரிடம் கேட்டால், வெளியே நிறுத்தப்பட்டவரின் கதை எப்படித் தெரியும்? நியமன நடைமுறையையே ஆராயவில்லை என்று ஆணையம் குறைகூறி, மறுபடி விசாரிக்கச் சொன்ன தகவல் 2025 ஜனவரியில் வெளியானது. இதற்கிடையே, விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை போன்றவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஃபாக்ஸ்கான் தன் ஆள்சேர்ப்பு ஏஜென்டுகளுக்குச் சொன்னதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது.

ஏன் பெண்கள்? ஏன் கல்யாணமாகாதவர்கள்?

‘பெண்களுக்கு மெல்லிய விரல், பொறுமை அதிகம்’ என்ற பதில் எல்லா நாட்டிலும் கிடைக்கும். 1981-லேயே டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை உடைத்துப் பார்த்தார்கள். அந்த விரல் லாகவம் பிறவியில் வந்ததல்ல. வீட்டில் தையலும் கைவேலையும் பழகிப் பழகி வந்தது. அதை ‘இயற்கை’ என்று சொல்லிவிட்டால் திறமைக்கான சம்பளம் தர வேண்டியதில்லை.

அம்பத்தூரைப் பார்த்தாலே இது புரியும். 1960-களில் உருவான தொழிற்பேட்டையில் லேத் பட்டறை என்றால் ஆண், கார்மென்ட் யூனிட் என்றால் பெண் என்று பழக்கம் படிந்தது. ஆனால் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்ட ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா அறிவித்தது. ‘ஆண் வேலை’ ஒரே அறிவிப்பில் ‘பெண் வேலை’ ஆனது. எந்த மெஷின் யாருக்கு என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை.

‘கல்யாணமாகாதவர்’ என்ற நிபந்தனையும் புதிதல்ல. மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த கதை. கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி, இளம்பெண்களைச் சில ஆண்டுகள் ஆலையோடு கட்டிப்போட்டது அது. பெண்ணின் உழைப்புக் காலம் என்பது கல்யாணத்துக்கு முந்தைய இடைவெளி மட்டுமே என்ற கணக்கு, நூலிலிருந்து சிப்புக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஹாஸ்டல் எங்கே வருகிறது?

ஷிஃப்ட் முடிந்தாலும் உடல் கம்பெனியின் கணக்கில்தான் இருக்கிறது. பஸ், சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. 2021 டிசம்பர் மத்தியில் பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூர் ஹாஸ்டலில் உணவு ஒவ்வாமையால் 250-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி போன் விட்டுப் போனாகப் பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

தரையில் படுக்கை, நெரிசலான அறைகள், சில இடங்களில் தண்ணீர் வராத கழிப்பறை என்ற விவரங்கள் அப்போதுதான் வெளியே வந்தன. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

அமைதியான, பொறுமையான பெண் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தாங்களே செய்யும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு ரூ.706.50 கோடியில் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அந்த இரவுக்கும் பங்கு உண்டு. வசதி கூடியிருக்கிறது. ஆனால் குழந்தையோடு குடும்பமாக வாழ நினைக்கும் தொழிலாளிக்கு, தனிப்பெண்களுக்கான படுக்கை எண்ணிக்கை பதிலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 15-வது பிரிவு பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் நியமனத்துக்கு 1976-ன் சம ஊதியச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டுமே ஒரே மாதிரியான வேலைக்கு ஆளெடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்கின்றன. ஆனால் இரண்டிலும் ‘திருமண நிலை’ என்ற சொல் தனியாக இல்லை.

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை தொட்டிருக்கின்றன. பம்பாயில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போகும் என்ற விதி இருந்தது. உச்ச நீதிமன்றம் 1965-லேயே அது நியாயமற்றது என்றது. 2024 பிப்ரவரியில், திருமணம் செய்துகொண்டதற்காக ராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு ரூ.60 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் இவை வேலையில் இருந்தவர்களின் வழக்குகள். கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் நியமன ஆணையும் இல்லை, நீக்க ஆணையும் இல்லை. எதை வைத்து வழக்குப் போடுவார்?

கட்டம் இல்லாத படிவம்

வாசலில் நிறுத்தப்படுவது திருமணமான பெண்கள் மட்டுமல்ல. காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. படிவத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2015 நவம்பரில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. இரண்டே கட்டங்கள் போதும் என்று படிவத்தை வடிவமைத்தவர் முடிவு செய்திருந்தார். மெட்டியைக் காரணம் காட்டும் கேட்டும், கட்டம் இல்லாத படிவமும் ஒரே குடும்பம்தான்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் இன்னும் கூடும். ரோபோக்களும் கூடும். அப்போது ‘மெல்லிய விரல்’ காரணமும் காலாவதியாகும். அடுத்து என்ன காரணம் வரும் என்பதைப் பார்க்க வேண்டும்.

குறைந்தபட்சம் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேவை. விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் திருமணமானவர்கள், அவர்களில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற கணக்கு வெளியாகுமா? ஏஜென்டுகள் வாய்மொழியாகக் கேட்கும் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்விக்கு யார் பொறுப்பு? ஆலைக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகமும் குடும்ப வீடுகளும் வருமா?

தொழில்நுட்பம் பாலினக் கோடுகளை அழிக்கும் வல்லமை கொண்டது என்பதற்கு லைனுக்குள் போடும் அந்தக் கோட்டே சாட்சி. அதைக் கழற்றிவிட்டு வெளியே வரும்போதும் அந்தச் சமத்துவம் தொடருமா என்பது, கேட்டில் விதி எழுதுபவர்கள் கையில் இருக்கிறது.