பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பது ஆகாது

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி, தன் அப்பா வைத்திருந்த அம்பாசிடரைக் காயலான் கடைக்குப் போடப் போவதாக எழுதினார். இக்னிஷன் கோளாறாம். தெருவில் நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, ரோட்டில் ஏறி ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் மிஸ்ஸிங். ஒர்க்‌ஷாப்பில் பிளக் நான்கு, காயில், கண்டன்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் என்று வரிசையாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பில் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் "எலெக்ட்ரானிக் கிட் போட்டால்தான் சரியாகும்" என்றிருக்கிறார்கள். நம் சொந்தங்களும் சும்மா இருக்கவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான், தள்ளி விட்டுடு" என்று வரிசையாக அறிவுரை.

இந்த "அப்படித்தான்" மேல்தான் எனக்குக் கோபம். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினின் இக்னிஷனில் மர்மம் எதுவும் இல்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் தடித்த சுற்றில் பேட்டரி கரண்ட் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டது இதே தத்துவம்தான். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விநாடிக்கு 100 முறை இது நடக்க வேண்டும். எங்கே தடைபடுகிறது என்று தேடாமல் பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்று வந்தவனுக்குக் கடையில் உள்ள மாத்திரையை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது போலத்தான்.

தேடுவதற்கு என்ன வேண்டும்? ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, இரண்டு முழ வயர். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு வயர், என்ஜின் உடம்பில் இன்னொரு வயர். சாவியைப் போட்டு செல்ஃப் அடித்தால் பல்பு விட்டு விட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்கு. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டோ கண்டன்சரோ எங்கோ எர்த் ஆகிக் கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தத் தம்பியைச் செய்யச் சொன்னேன். செல்ஃப் அடிக்கும்போது பல்பு ஒழுங்காகவே மின்னியது. பிறகு பாயிண்ட் மூடிய நிலையில் என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போடச் சொன்னேன். (அதிக நேரம் அப்படி விடாதீர்கள், காயில் சுடும்.) பல்பு அணைந்திருந்தது, சரி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை விரலால் லேசாகத் திருப்பச் சொன்னேன். பல்பு எரிந்தது! தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போகும் பின்னல் எர்த் வயர் ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் வாக்குவம் அந்தத் தட்டை இழுக்கும், எர்த் விட்டுப்போகும். நிற்கும்போது ஓடி ரோட்டில் மிஸ்ஸிங் ஆனது இதனால்தான். விரல் நீள வயர். அந்தத் தட்டின் மேலேயே உட்கார்ந்து அதே எர்த்தை நம்பும் கிட் போட்டிருந்தாலும் மிஸ்ஸிங் போயிருக்காது. பில் மட்டும் பெரிதாகியிருக்கும்.

எலெக்ட்ரானிக் கிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேயும் பாயிண்ட் இல்லை, இடைவெளி மாறாது, நல்ல சாமான்தான். ஆனால் அதைக் கோளாறுக்கு மருந்தாக விற்பதை ஏற்க மாட்டேன். முதலில் வண்டி சரியாகட்டும், பிறகு விருப்பமிருந்தால் போடுங்கள். போட்டாலும் பழைய பாயிண்ட், கண்டன்சர், 0.015 அங்குல ஃபில்லர் கேஜ் மூன்றும் டிக்கியில் இருக்கட்டும். நடுரோட்டில் கிட் செத்தால் அதைத் திறந்து பார்க்க ஒன்றுமில்லை.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வரும் ரோட்டார், கண்டன்சர் எல்லாம் தரமானவை என்று யார் சொன்னது? முப்பது வருடம் உழைத்த கண்டன்சரை எறிந்துவிட்டு மூன்று மாதம் தாங்காத ஒன்றை மாட்டுகிறோம். பாயிண்ட் கருகி, பொறி மஞ்சளாக வலுவின்றி வந்தால் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் காயிலைப் பாருங்கள். அதற்கும் முன், நின்ற அந்த இடத்திலேயே பொறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பெட்ரோல் விஷயம், இக்னிஷனைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றுங்கள்.

இனி குழுவில் "வண்டி வரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பல்பு எரிந்ததா, மின்னியதா, அணைந்தே இருந்ததா என்று எழுதுங்கள்.