பற்றைக்காட்டினூடே ஒரு நடைபாதை

மலையேற்றம் என்றவுடன் இலங்கையர் மனதில் முதலில் தோன்றுவது சிவனொளிபாதமலை. அண்மைக் காலத்தில் அதனோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. கண்டியை அண்டிய ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்களூடே நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றர் அளவில் நீளும் 'பீக்கோ' நடைபாதை அது. வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் அங்கு நடக்கின்றனர். நல்ல காரியம். ஆனால் மன்னாரில் நடப்பதற்கு என்ன இருக்கின்றது என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். முள்ளும் வெயிலும் உப்பு வெட்டையும்தானே என்பது அவர் எண்ணம்.

இந்த எண்ணம் அவருடையது மாத்திரமன்று. காடு என்றால் வானளாவிய மரமும் அருவியும் இருக்கவேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். வருடத்தில் மாரி தவிர்ந்த மாதங்களில் வாடிக் கிடக்கும் வன்னிப் பெருநிலத்துக் கரையோரத்தைக் 'பற்றைக்காடு' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகின்றோம். அச்சொல்லில் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கின்றது. பற்றை என்றால் பயனற்றது. பயனற்றதாயின் எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016 இல் அறிவிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2024 இல், அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி வந்தமைக்கும் இந்த அலட்சியமே துணைநின்றது என்பேன்.

வங்காலையை எடுத்துக்கொள்வோம். மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் கால் வைத்ததும் தொடங்கிவிடுகின்ற பரப்பு அது. 4,839 ஹெக்டேயர் கொண்ட வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரைகளைப் பார்க்க வருவோர் அறிந்த செய்திதான் இது. பலர் அறியாதது, அங்கே கடல் புல், சேற்றுத் தரை, கண்டல், உப்புப் புல்வெளி, மணல் மேடு, முட்காடு ஆகிய அனைத்தும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன என்பது. ஒரு காலை நடையில், ஒரு மேடும் ஏறாமல், இத்தனையையும் கண்டுவிடலாம். முழங்கால் வலியுடன் நடக்கும் என் வயதினருக்கு இதைவிட இலகுவான நடை இந்நாட்டில் அரிது.

நடந்து பார்க்கவேண்டிய காரணம் வேறொன்றும் உண்டு. வாகனத்திலிருந்து பார்ப்பவர்க்கு முட்காடு முழுவதும் ஒரே சாம்பல் நிறம். கால்நடையாகச் செல்பவருக்கே உடை மரத்தின் குடை விரிப்பும், விடத்தலின் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான பூவும், அவற்றின் நிழலில் ஒண்டி நிற்கும் பாலைக் கன்றும் வீரைக் கன்றும் தெரியும். இந்தக் கன்றுகளே முக்கியம். முட்பற்றை என்பது காட்டின் குழந்தைப் பருவம். ஆடு மாடு கடிக்க இயலாத முள்ளுக்குள், பறவையும் மரநாயும் கழித்த விதை முளைக்கின்றது. முளைத்தது மெல்ல மெல்ல முள்ளுக்கு மேலே தலை நீட்டுகின்றது. பாலை மரம் பழம் தரும் பருவத்தை அடைய நெடுங்காலம் எடுக்கும். வன்னியில் பாலைப்பழம் உண்டு வளர்ந்தவர்களுக்கு அதன் சுவையையும், அதற்காகக் கரடியோடு போட்டியிட்ட கதைகளையும் நான் சொல்லத் தேவையில்லை.

காடு தானே மீளும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. தம்புள்ளைக்கு அருகே, கண்டலம வீதியில், சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர் 1963 இல் சேனை வெட்டிக் கைவிடப்பட்ட நிலத்தை வாங்கினார். முதலில் அவர் மரக்கன்றுகளை நட்டார், பெரும்பாலானவை பட்டுப்போயின. நடாதவை முளைத்தன. அதைக் கண்டு, நடுவதை விட்டு, தானாக எழுந்த நாட்டுக் கன்றுகளைச் சூழ்ந்த பற்றையை மாத்திரம் அகற்றி அவற்றை வளரவிட்டார். இன்று அங்கே முதிரையும் கருங்காலியும் வீரையும் நிற்கின்றன. இடையே எவரும் நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகள் உள்ளன. இரவில் தேவாங்கு பார்க்கவும் போகின்றார்கள். வீட்டை வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. ஆயினும் அங்கு செல்வோர் வீட்டைக் காட்டிலும் மரங்களையே பேசுகின்றனர்.

இதற்கு மாறான பாடம் கண்டலில் கிடைத்தது. சுனாமிக்குப் பின்னர் கரையெங்கும் கண்டல் நடும் விழாக்கள் நடந்தன. பிரமுகர்கள் சேற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 சொச்சமே பிழைத்திருந்தமையும், ஆய்வுக்குட்பட்ட 23 இடங்களுள் 9 இல் ஒன்றுமே எஞ்சவில்லை என்பதும் தெரியவந்தன. ஆய்வு 2017 இல் வெளியாயிற்று. விழா எடுப்பவர்கள் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தானாக எழுவதெல்லாம் காடாகிவிடாது. சீமைக்கருவேலும் தானாகத்தான் எழுகின்றது. புந்தலவில் அது செய்த கேட்டை நாடறியும். பார்வைக்கு இரண்டும் பச்சை, இரண்டும் முள். ஒன்று கன்றுகளை வளர்க்கும். மற்றையது வேறெதையும் வளரவிடாது. இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதி விளக்க இயலாது. ஊரவர் ஒருவர் கிளையை ஒடித்துக் காட்டவேண்டும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகின்றேன். மன்னாரின் மீளெழுந்த காடு தம்புள்ளைக் காட்டைப் போன்றதன்று. இங்கு காடு எழுந்ததற்குக் காரணம், மனிதர் இல்லாமற் போனமை.

1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வங்காலைக்குத் தெற்கே, முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்கள் வெறுமையாயின. அவற்றின் தோட்டங்களிலும் வயல்களிலும் இருபது ஆண்டுகள் காடு வளர்ந்தது. அயலிலுள்ள கத்தோலிக்கக் கிராமமான முள்ளிக்குளத்து மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டு, அவ்விடம் கடற்படை முகாமாயிற்று. 2017 இல் ஒரு பகுதியை விடுவிப்பதாக உடன்பாடு வந்தது. மாவட்டத்தின் வேறு பல இடங்களில் மிதிவெடி மனிதரைத் தடுத்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் எவரும் விறகு வெட்டவில்லை, மாடு மேய்க்கவில்லை. மரங்கள் மட்டும் வளர்ந்தன. அவ்வெடிகளை முற்றாக அகற்ற ஒட்டாவா உடன்படிக்கையின்கீழ் இலங்கைக்கு உள்ள கெடு 2028.

போர் முடிந்து மக்கள் திரும்பியபோது, தங்கள் ஊர் வனம் என்று வர்த்தமானியில் இருக்கக் கண்டனர். வில்பத்துவைக் காப்போம் என்ற குரல் தெற்கில் எழுந்தது. எங்கள் காணியைத் தாருங்கள் என்ற குரல் வடக்கில் எழுந்தது. நாளிதழ்களில் இவை இரு வேறு செய்திகளாகவே வந்தன. ஒன்று சுற்றாடல் பக்கத்தில், மற்றையது அரசியல் பக்கத்தில். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், காடழித்துக் குடியேற்றிய இடத்தில் முன்னாள் அமைச்சர் தமது செலவில் மரம் நடவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. காடு வளர்ந்தது உண்மை. அதன் அடியில் கிணறுகளும் மையவாடிகளும் இருந்தமையும் உண்மை. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பாலைக்குழி, கரடிக்குளி, முள்ளிக்குளம், விடத்தல்தீவு. மரமும் விலங்கும் முள்ளும் பெயரிலேயே இருக்கின்றன. காட்டோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. அவர்களைக் காட்டின் எதிரிகளாக மட்டும் காட்டும் சித்திரத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆகவே வங்காலையிலும் முசலியிலும் நடைபாதை அமைப்பதாயின், அதை 'மனிதர் கால்படாத வனம்' என்று விளம்பரப்படுத்தக் கூடாது. அது பொய். இடிந்த மதிலைச் சுற்றி ஆலம் விழுது இறங்கியிருந்தால், மதில் யாருடையது என்பதையும் ஆல் என்று முளைத்தது என்பதையும் ஒருங்கே சொல்லவேண்டும். சொல்லவேண்டியவர் அவ்வூரார். கொஸ்ரா ரிக்காவின் குவானகஸ்தேயில், மேய்ச்சல் நிலமாகிவிட்ட உலர்வலயக் காட்டை 1980 களில் மீட்கத் தொடங்கியபோது, டானியல் ஜான்சன் என்ற உயிரியலாளர் அயல் கிராமத்தவரையே பயிற்றி ஆய்வுப் பணியாளர் ஆக்கினார். 1999 இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. வேலி போட்டு ஊரைத் தள்ளிவைத்திருந்தால் அங்கு தீயைக்கூட அணைத்திருக்க முடியாது.

சுற்றுலா வந்தால் காடு கெடும் என்பார்கள். வாகனம் வந்தால் கெடும். பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகச் சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பற்றிக் கேள்விப்படுகின்றோம். கால்நடையாக, எட்டுப் பத்துப் பேராக, ஊரவர் ஒருவர் முன்னே செல்லப் போகின்றவர்களால் அந்தக் கேடு வராது. மாறாக, கண்ணி வைப்பவனும் இரவில் மரம் ஏற்றுபவனும் அஞ்சும் சாட்சிகள் அவர்கள். வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் வைத்திருக்கும் ஆள்பலத்தில் இவ்வளவு பரப்பைக் காப்பது எவ்வாறு?

பெருஞ்செலவு வேண்டாம். தார் வேண்டாம், கொங்கிறீற்று வேண்டாம், பார்வைக் கோபுரத்துக்கு அடிக்கல் வேண்டவே வேண்டாம். மாடுகள் நடந்து பதிந்த தடமே போதும். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்பட்ட நிலத்தில் மூன்று நான்கு கிலோமீற்றர். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை. வலசைப் பறவைகள் நிற்கும் மார்கழி முதல் பங்குனி வரை. பறவைகள் முட்டையிடும் இடங்களை அக்காலத்தில் மூடிவிடலாம். கட்டணத்தில் ஒரு பங்கு வழிகாட்டும் இளைஞருக்கு, ஒரு பங்கு ஊருக்கு. மும்மொழியில் பெயர்ப்பலகை, அதில் தாவரவியல் பெயருக்கு முன்னர் ஊரார் வழங்கும் பெயர்.

நானாட்டான், முசலிப் பிரதேச செயலகங்களும் வங்காலைப் பங்கும் முசலிப் பள்ளிவாசல்களும் இரு திணைக்களங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் இது ஒரு மாரிக்குள் முடிகின்ற வேலை. அமர்வதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. 1990 இற்கு முன் அக்காணிகளில் கிணறு எங்கே இருந்தது, எந்தத் தடம் எந்தக் குளத்துக்குப் போயிற்று என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களை அழைத்துச் சென்று, அவர்கள் காட்டும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளும் பணியை இந்த வருடமே தொடங்கவேண்டும்.