ஆக்கியோன் பெயர்

பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தது நன்னூல். அது வெறுஞ் சம்பிரதாயம் என்று கருதும் மாணவர் உளர். படைப்பு நிலைத்தாற் போதும், பெயர் எதற்கு என்று வாதிடும் அன்பரும் உளர். இவ்விரு சாராரும் அமெரிக்க நாவலாசிரியரும் திரைக்கதையாசிரியருமான டோல்ற்றன் ட்றம்போவின் வரலாற்றை அறிதல் நன்று.

1905 இற் கொலறாடோ மாநிலத்திற் பிறந்த இவர், தந்தை இறந்தபின் குடும்பத்தைத் தாங்கும்பொருட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாண் பேக்கரியொன்றிற் பல்லாண்டு இரவுவேலை செய்தவாறே எழுதிப் பழகினார். 1939 இல் வெளிவந்த ‘ஜொனி கொட் ஹிஸ் கன்’ என்னும் நாவல் பெரும்புகழ் ஈட்டியது. முதலாம் உலகப்போரிற் கை, கால், கண், செவி, வாய் யாவும் இழந்த வீரனொருவன், தலையைத் தலையணையில் மோதி, மோர்ஸ் குறிகளாற் பேச முயலும் கதை அது. எழுதியவரின் வாயும் பின்னர் அடைக்கப்பட்டது.

1947 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, ‘நீர் கம்யூனிஸ்டா?’ என வினவியபோது அவர் விடை கூற மறுத்தார். சபையை அவமதித்த குற்றத்துக்காக 1950 இற் சிறைசென்று, ஏறத்தாழப் பத்து மாதம் இருந்தார். அவர் 1943 இல் அக்கட்சியிற் சேர்ந்தவரே. அவ்வரசியல் எனக்கு உடன்பாடன்று. ஆயினும், ஒருவன் கொள்கை வேறு, அவன் எழுதிய சொற்கள் எவருடையன என்னும் வினா வேறு.

ஹொலிவூட் படநிறுவனங்கள் அவரை விலக்கின; அவர் எழுத்தையோ விலக்கவில்லை! ‘ரோமன் ஹொலிடே’ படக்கதை, நண்பர் இயன் மக்லெலன் ஹன்ரரின் பெயரில் 1953 இல் வெளிவந்து ஒஸ்கார் பரிசு பெற்றது. ‘த பிறேவ் வண்’ படத்துக்காக 1957 இல் ‘றொபேட் றிச்’ என்பாரை மேடைக்கு அழைத்தனர். அப்பெயருக்குரிய எழுத்தாளர் எவரும் வரவில்லை. அதுவும் ட்றம்போவின் புனைபெயரே. பெயர் இழந்தவனுக்குக் கூலியும் குறைந்தது. முன்னர் பெருந்தொகை பெற்றவர், சிறுதொகைக்கு இரவுபகலாக எழுதினார். பெயர் எதற்கு என்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை. மலிவாக வாங்கியோர் நன்கு பார்த்தனர்.

1960 இல் ‘எக்ஸடஸ்’, ‘ஸ்பார்ட்டக்கஸ்’ ஆகிய படங்களில் அவர் பெயர் மீண்டும் திரையில் தோன்றியது. 1971 இல் தம் நாவலைத் தாமே படமாக்கினார். ‘த பிறேவ் வண்’ பரிசு 1975 இல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு காலமானார். ‘ரோமன் ஹொலிடே’ பரிசை 1993 இல் அவர் மனைவி கிளியோ பெற்றார். எழுத்தாளர் சங்கம் அப்படத்தில் அவர் பெயரைச் சேர்த்ததோ 2011 இல், அவர் மறைந்து 35 ஆண்டுகளின் பின்னர்.