சாகாத நரம்பு செல்: யாருடையது?

மைசூரு ஹெப்பாள் இன்ஃபோசிஸ் கேம்பஸில் ட்ரெயினிங் எடுத்தவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை, பெங்களூரில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கும் பணம் தந்தது. நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் சேர்ந்து நடத்திய ஏ.டி.பி.எஸ். திட்டம் அது.

எதற்கு இது? உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. ஆய்வகத்தில் வளரும் சாதாரண மனித செல்லோ, சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும். நிற்காமல் பிரியவைக்க 'மிக்' மரபணுவைச் செலுத்தலாம். வில்லங்கம் என்னன்னா, அது புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. அதனால் பிரிட்டனில் ஒரு நரம்பு ஸ்டெம் செல் வரிசைக்கு ஸ்விட்ச் வைத்தார்கள்: குறிப்பிட்ட மருந்து இருக்கும்வரை பிரியும், எடுத்தால் நிற்கும். 2010இல் கிளாஸ்கோவில் பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதிக்கவும் தொடங்கினார்கள்.

ஆனால் அது ஒரே ஒரு கருவின் திசுவிலிருந்து வந்தது. ஸ்கிசோஃப்ரினியா ஏன் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருகிறது என்பதை அதில் தேட முடியாது. பெங்களூர் குழு அப்படிப்பட்ட குடும்பங்களிடமே ரத்தம் வாங்கியது. அந்த ரத்த செல்களை எப்ஸ்டீன்-பார் வைரஸால் சாகாதவையாக்கி, ஸ்டெம் செல்லாக மாற்றி, நரம்பு செல் வரை கொண்டுபோனது.

1951இல் ஹென்ரியட்டா லாக்ஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இன்று ஒப்புதல் படிவம் இருக்கிறது. ஆனால் கையெழுத்து போடுபவர் ஒருவர். அவர் செல்லில் இருக்கும் தகவலோ அண்ணன், தங்கை, பிள்ளைகளுக்கும் சொந்தம்.