பூட்டும் காவலும்

இளைஞரைக் காக்க எழுந்த சட்டமொன்று அவர்தம் செவிக்கே பூட்டாகிய கதையுண்டு. இரவு விடுதியொன்றிற் பிள்ளைகள் சீரழிகின்றனர் எனப் பெற்றோர் முறையிட, அமெரிக்காவின் சியாற்றில் நகரசபை 1985-ஆம் ஆண்டில் இளைஞர் நடன நிகழ்ச்சிகளுக்கு விதி வகுத்தது. 10 இலட்சம் டொலர்க் காப்புறுதி வேண்டும். பணி நேரத்திலில்லாத பொலிசார் இருவரைக் கூலிக்கு அமர்த்தவேண்டும். இசையை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் இச்செலவைத் தாங்குவார் யார்? அந்நகரத்து றொக் இசை 1990-களில் உலகெங்கும் ஒலித்தபோது, அவ்வூர்ச் சிறுவர் பலர் அதனை நேரிற் கேட்க வழியின்றி நின்றனர். 2002-ல் அச்சட்டம் நீங்கி, எளிய விதி வந்தது.

பெற்றோரின் அச்சத்தை நாம் பழியோம். விளக்கெரியும் மண்டபத்தை மூடினால் பிள்ளைகள் இருண்ட மூலைகளைத் தேடுவர். அவர்களுடன் சென்று பின்வரிசையில் நாமும் அமர்வதே நல்ல காவலாகும்.