வார்ப்பிரும்பு அறியாமை அல்ல

ஆரம்பகால கார் பொறியாளர்கள் கனமான வார்ப்பிரும்பு பிஸ்டனை விடாமல் வைத்திருந்தது வெறும் பழமைப் பிடிவாதம் என்ற வாதத்தை ஏற்க முடியாது.

சிலிண்டரும் வார்ப்பிரும்பு, பிஸ்டனும் வார்ப்பிரும்பு என்றால் சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் விரியும். இலகுவான அலுமினியமோ சுமார் இரு மடங்கு விரியும். 80 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 200 டிகிரி சூடேறினால் இரும்பு ஏறத்தாழ 0.18 மி.மீ. விரியும், அலுமினியம் 0.37 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளியைக் குறைத்தால் ஓட்டத்தின் நடுவே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூட்டினால், குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் சுவரில் மோதி 'டக் டக்' என்று தட்டும்.

1913-இல் பிரான்சின் டி.எஃப்.பி. கார் தொழிற்சாலையில், காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த குட்டி அலுமினிய பிஸ்டனைப் பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் டபிள்யூ. ஓ. பென்ட்லிகூட வெறும் அலுமினியத்தை நம்பவில்லை. 12 சதவீதம் தாமிரம் கலந்தார். பக்கச்சுவரில் பிளவு, உள்ளே மிகக் குறைவாக விரியும் இன்வார் உலோகத் தகடு, சிலிக்கான் கலவை எனப் பிறகு வந்த தீர்வுகள் எல்லாமே அந்த விரிவை அடக்கத்தான்.

விடை கிடைக்காத கேள்விக்கு முன் நிதானித்தவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.